நூல் அறுகிற இடம்

இயந்திரம் செய்த மொழிபெயர்ப்புக்கு மதிப்பெண் போடுவது என் வேலை. திரையின் இடப்பக்கத்தில் ஓர் ஆங்கில வாக்கியம் இருக்கும். வலப்பக்கத்தில் இயந்திரம் தந்த தமிழ் இருக்கும். கீழே 0 முதல் 100 வரை ஒரு கோடு. தமிழ் எவ்வளவு சரியாக வந்திருக்கிறது என்று பார்த்து, அந்தக் கோட்டில் ஓர் இடத்தைத் தொட வேண்டும். தொட்டதும் அடுத்த வாக்கியம் வந்து நிற்கும். வாக்கியத்துக்கு இவ்வளவு என்று கூலி. இராஜபாளையத்தில், வீட்டு வேலையெல்லாம் ஓய்ந்த பிறகு, மாடி அறையில் உட்கார்ந்து இதைச் செய்கிறேன்.

இதற்கு முன் நானே மொழிபெயர்ப்பாளர். இப்போதும் அந்த வேலையை விடவில்லை. ஆனால் தேடி வருவது குறைந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ஆங்கிலக் காகிதங்களுக்குப் பஞ்சமே கிடையாது. சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் நெய்கிற பேண்டேஜ் துணி வெளிநாட்டு மருத்துவமனைகள் வரை போகிறது. வாங்குகிறவர்கள் அனுப்பும் நிபந்தனைகள், தரக் குறிப்புகள், எச்சரிக்கைகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும். நூல் மில்களுக்கு வரும் இயந்திரங்களின் கையேடுகளும் அப்படியே. விருதுநகர் மாவட்டத்துக்கு மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பதால், உத்தரவு நகலைக் கையில் வைத்துக்கொண்டு “இதுல என்னதாம்மா போட்டுருக்கு?” என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு. இவர்களுக்கு எழுதிக் கொடுத்துத்தான் நான் மொழிபெயர்ப்பு பழகினேன்.

கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்தது 2011-ல். அந்தக் காலத்தில் அது தந்த தமிழ் துண்டு துண்டாக உடைந்து கிடக்கும். எழுவாய் ஒரு பக்கம், வினை ஒரு பக்கம். மனதில் உள்ளதைச் சொல்கிறேன்: அந்த உடைந்த தமிழைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருந்தது. என் பிழைப்புக்கு ஆபத்தில்லை என்ற நிம்மதி. 2017-ல் நரம்பியல் வலைப்பின்னல் முறை தமிழுக்கும் வந்தது. வாக்கியங்கள் ஒட்டிக்கொண்டன. வேற்றுமை உருபுகள் இடத்தில் உட்கார்ந்தன. அடுத்தடுத்த ஆண்டுகளில், இதை மனிதர்தான் எழுதினாரோ என்று தோன்றும் வாக்கியங்கள் வரத் தொடங்கின. நிம்மதி போய்ப் பயம் வந்தது. அந்தப் பயத்தோடுதான் மதிப்பெண் போடும் வேலையில் சேர்ந்தேன். இயந்திரத்தின் தமிழ் எவ்வளவு நல்லது என்ற கேள்வி எனக்கு ஏட்டுக் கேள்வியாக இருந்ததே இல்லை. சோற்றுக் கேள்வியாகத்தான் அது வந்தது.

மதிப்பெண் போடுவதற்கு வழிகாட்டுதல் உண்டு. 10-க்குள் என்றால் முற்றிலும் தவறு. 30-லிருந்து 50 வரை என்றால் பெரிய பிழைகள் உண்டு. 70-ஐத் தாண்டினால் பொருள் பெரும்பாலும் வந்துவிட்டது. 90-க்கு மேல் என்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே வாக்கியத்தைப் பொதுவாக மூன்று பேருக்காவது கொடுப்பார்கள். நான் 60 போட்ட இடத்தில் இன்னொருவர் 80 போட்டிருப்பார். ஆளுக்கு ஆள் கை வேறு. சிலருக்கு இறுக்கமான கை, சிலருக்குத் தாராளக் கை. அதனால் ஒவ்வொருவருடைய சராசரியையும் ஏற்ற இறக்கத்தையும் கணக்கிட்டுச் சமப்படுத்திய பிறகே எல்லார் மதிப்பெண்ணையும் சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்த்ததை வைத்து இன்னோர் இயந்திரத்தைப் பழக்குகிறார்கள். மனிதர் யாரும் பார்ப்பதற்கு முன்பே, இந்த மொழிபெயர்ப்பு எத்தனை மதிப்பெண் தேறும் என்று கணித்துச் சொல்வது அதன் வேலை. தர மதிப்பீடு என்று இதற்குப் பெயர்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 2002-ல் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நான்கு பேர் ‘ப்ளூ’ என்ற அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். மனிதர் செய்த மொழிபெயர்ப்பை ஒரு பக்கமும் இயந்திரம் செய்ததை மறுபக்கமும் வைத்து, ஒரு சொல், இரு சொல் தொடர் என்று நான்கு சொல் தொடர் வரை எத்தனை பொருந்துகின்றன என்று எண்ணிப் பார்க்கும் முறை. மலிவானது, விரைவானது. உலகம் முழுக்க அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். தமிழுக்கு அது சரிப்படவில்லை. மனிதர் ‘வந்துகொண்டிருந்தார்’ என்று எழுதி, இயந்திரம் ‘வந்து கொண்டிருந்தார்’ என்று எழுதினால், ஓர் இடைவெளிக்காகச் சொல் பொருந்தவில்லை என்று அந்தக் கணக்கு சொல்லிவிடும். சொல்லோடு சொல் ஒட்டி வளரும் மொழிக்கு இது பெரிய அநியாயம். 2015-ல் மாயா பொபொவிச் என்ற ஆய்வாளர், சொற்களை விட்டுவிட்டு எழுத்துத் துண்டுகளை ஒப்பிடும் முறையை முன்வைத்தார். நம்மைப் போன்ற மொழிகளுக்கு அது எவ்வளவோ மேல்.

ஆனால் இரண்டுக்குமே மனிதர் செய்த மொழிபெயர்ப்பு ஒன்று முன்கூட்டியே வேண்டும். அது கையில் இருந்தால் இயந்திரத்திடம் ஏன் போக வேண்டும்? ஆகவே மூலமும் இயந்திரத்தின் வெளியீடும் மட்டும் இருக்கும்போது தரத்தை எப்படிக் கணிப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. டபிள்யூஎம்டி என்ற உலகளாவிய ஆண்டுக் கூடுகையில் 2012 முதல் இதற்கென்றே போட்டி நடந்துவருகிறது. 2020-ல் சிங்களமும் நேபாளியும் அதில் இடம்பெற்றன. 2023-ல் இந்தி, மராத்தி, குஜராத்தி, தெலுங்கோடு ஆங்கிலம்–தமிழும் வந்தது.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகும் என் கைக்கு ஒரு பிடி கிடைக்கவில்லை. ஒரு வாக்கியம் 85 என்றால் அதன் அர்த்தம் என்ன? மீதி 15 எங்கே போனது? அந்தப் பிடியை எனக்குக் கொடுத்தவர் என் அப்பா. அவர் ஆங்கிலம் மொழிபெயர்த்தவரில்லை. நூல் மில்லில் குவாலிட்டி டிபார்ட்மெண்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

நூலுக்குத் தரம் பார்ப்பது எப்படி என்று சின்ன வயதிலிருந்தே அவர் பேச்சில் கேட்டு வளர்ந்தவள் நான். ஒரு பவுண்டு நூலில் 840 கெஜச் சிட்டம் 40 இருந்தால் அது 40-ஆம் நம்பர் நூல். லாட்டிலிருந்து சில கோன்களை எடுத்து, அளந்து, நிறுத்து, சராசரி 40 வருகிறதா என்று பார்ப்பார்கள். சராசரி அச்சாக 40 என்று வந்தாலும் அந்த நூல் தறியில் அறுந்துகொண்டே இருக்கலாம். காரணம், எங்கோ ஓர் இடத்தில் நூல் மெலிந்து போயிருக்கும். ஓரிடம் மெலிந்து இன்னோரிடம் தடித்திருந்தால் சராசரிக்கு ஒன்றும் ஆகாது. அதனால் ‘ஊஸ்டர்’ என்று மில்லில் எல்லாரும் சொல்லும் சுவிட்சர்லாந்துக் கருவியில் நூலை ஓடவிட்டு, சராசரிக் கனத்தில் பாதியாக மெலிந்துபோன இடங்கள் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை என்று தனியாக எண்ணுவார்கள். ‘தின் பிளேஸ்’ என்பார்கள்.

நான் மதிப்பெண் குழப்பத்தைச் சொன்னபோது அப்பா அதிகம் யோசிக்கவில்லை. “சராசரி மில்லுக்கு உள்ள கணக்கு, பாப்பா. நெய்யிறவருக்கு அந்த ஒரு எடந்தான் கணக்கு. அங்கனதான் தறி நிக்கும்” என்றார்.

அதன் பிறகு நான் வாக்கியத்தைப் பார்க்கும் விதம் மாறியது. இந்த மொழிபெயர்ப்பு மொத்தத்தில் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்ற கேள்வியைப் பின்னால் தள்ளினேன். இதை நம்பி ஒருவர் ஒரு காரியம் செய்தால், எந்த இடத்தில் அவருக்குக் கேடு வரும் என்ற கேள்வியை முன்னால் வைத்தேன்.

சத்திரப்பட்டிப் பக்கம் சிறிதாகத் தறி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் முதலுதவிப் பொதி தயாரித்து உள்ளூர்க் கடைகளுக்கும் போடுகிறார். பொதிக்குள் வைக்கும் தாளை ஆங்கிலத்திலிருந்து செல்போனிலேயே தமிழாக்கி எனக்கு அனுப்பினார்.

“ஒருக்கா பாத்துட்டு ஓகேன்னு சொல்லிரும்மா. நல்லாத்தான் வந்திருக்கு. சாயங்காலம் அச்சுக்குக் குடுத்துருவோம்.”

உண்மையாகவே நன்றாகத்தான் வந்திருந்தது. காயத்தைச் சுத்தம் செய்வது, கட்டு போடுவது, கட்டை மாற்றுவது எல்லாம் தெளிவான தமிழ். அதில் ஒரு வரி: ‘உறை பிரிந்திருந்தாலும் கிழிந்திருந்தாலும் உள்ளே உள்ள துணி கிருமி நீக்கப்பட்டதே.’ படிக்கும்போது நாக்கு எங்கும் இடறாது. ஆனால் மூலம் சொன்னது, உறை பிரியாமலும் கிழியாமலும் இருக்கும்வரைதான் துணி கிருமியற்றது என்பதை. உறையும் இருக்கிறது, கிழிசலும் இருக்கிறது, கிருமி நீக்கமும் இருக்கிறது. நிபந்தனை மட்டும் தலைகீழாகிவிட்டது. எழுத்துத் துண்டுகளை எண்ணும் கணக்குக்கு ‘பிரியாதிருந்தால்’ என்பதற்கும் ‘பிரிந்திருந்தாலும்’ என்பதற்கும் உள்ள தூரம் சில எழுத்துகள்தான். கிழிந்த உறையிலிருந்து துணியை எடுத்துப் புண்ணில் வைப்பவருக்கு அது எவ்வளவு பெரிய தூரம்!

அண்ணாச்சியிடம் சொன்னேன். “படிக்கிறப்ப ஒண்ணும் வித்தியாசமாத் தெரியலையேம்மா” என்றார்.

“அதுதான் எனக்குப் பயமா இருக்கு அண்ணாச்சி” என்றேன்.

பழைய உடைந்த தமிழில் ஒரு பாதுகாப்பு இருந்தது. படித்த மாத்திரத்தில் ஏதோ தப்பு என்று யாருக்கும் தெரிந்துவிடும், யாரையாவது கேட்பார்கள். இப்போது வரும் தமிழ் வாசகரைக் கேள்வி கேட்கவிடாது. வாக்கியம் சரளமாக இருந்தால் மனம் அதை நம்பிவிடுகிறது. இயந்திரத்தின் தமிழ் எவ்வளவு மெருகேறுகிறதோ, அவ்வளவு மெதுவாக அதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். நிலப் பிரச்சினையில் உயர் நீதிமன்ற உத்தரவு ஒன்று அவர் கையில் இருந்தது. பேரன் அதைச் செல்போனில் படம் பிடித்துத் தமிழாக்கிக் காட்டியிருக்கிறான். நான்கு வாரங்களுக்குள் மனுதாரர் அதிகாரியிடம் விளக்கம் அளிக்க வேண்டும் என்று தமிழ் சொன்னது. உத்தரவில் இருந்த தேதிக்கு நான்கு வாரம் எப்போதோ முடிந்துவிட்டது. “நாளு போயிருச்சேன்னு வக்கீல்ட்டகூடப் போகல தாயி” என்றார். ஆங்கிலத்தைப் படித்தேன். உத்தரவின் நகல் கிடைத்த நாளிலிருந்து நான்கு வாரம் என்று இருந்தது. நம் உயர் நீதிமன்ற உத்தரவுகளில் வழக்கமாக வரும் தொடர் அது. நகல் அவர் கைக்கு வந்தது அந்த வாரத்தில்தான். தமிழில் இருந்தவற்றில் ஒரு சொல்கூடத் தவறில்லை. இருக்க வேண்டிய ஒரு தொடர்தான் இல்லாமல் போயிருந்தது. இல்லாததைக் கண் எப்படிப் பார்க்கும்? பெரியவரை அன்றே வக்கீலிடம் அனுப்பினேன்.

உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் ‘சுவாஸ்’ என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளைத் தொடங்கி, தீர்ப்புகளைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் கொண்டுவருகிறது. இயந்திரம் தந்ததை மொழிபெயர்ப்பாளர்கள் சரிபார்க்கிறார்கள். அந்த மொழிபெயர்ப்புகளோடு ஓர் அறிவிப்பும் வருகிறது: வழக்காடுபவர் தம் மொழியில் புரிந்துகொள்வதற்கு மட்டுமே இது, அதிகாரபூர்வமானது ஆங்கில வடிவமே. இந்த அறிவிப்பை நான் மிகவும் மதிக்கிறேன். எதற்கு இதை நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது என்று வாசகரிடம் அது முகத்துக்கு நேரே சொல்கிறது. செல்போன் திரையில் வரும் தமிழுக்குக் கீழே இப்படி ஒரு வரி கிடையாது.

இயந்திரத்தின் இப்படிப்பட்ட பிழை பெரிய இடத்தையும் விடாது. 2025 ஜூலையில் நடிகை பி. சரோஜாதேவி காலமானார். கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா அவருக்கு அஞ்சலி செலுத்திய செய்தி கன்னடத்தில் சமூக ஊடகத்தில் வெளியானது. மெட்டா நிறுவனத்தின் தானியங்கி மொழிபெயர்ப்பு அதை ஆங்கிலத்தில் கொடுத்தபோது, அஞ்சலி செலுத்திய முதலமைச்சரே இறந்துவிட்டதாக ஆகிவிட்டது. முதலமைச்சர் தரப்பு எழுதிக் கண்டித்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டுத் திருத்தியது. அந்த வாக்கியத்தில் பெயர்கள் எல்லாம் இருந்தன, இறப்பு இருந்தது, அஞ்சலியும் இருந்தது. எது யாருக்கு என்பது மட்டும் மாறிப்போனது. பொருந்திய சொற்களை எண்ணினால் பாதிக்கு மேல் மதிப்பெண் கிடைத்திருக்கும். அவர் மாநிலத்தின் முதலமைச்சர் என்பதால் மறுப்பு வந்தது. எங்கள் பக்கத்துப் பெரியவருக்காக யார் மறுப்பு எழுதுவார்?

ஆய்வாளர்கள் இந்த ஆபத்தை அறியாதவர்களில்லை. டபிள்யூஎம்டி போட்டியில் 2021-ல் ஆபத்தான பிழைகளை மட்டும் தனியாகக் கண்டுபிடிக்கும் பிரிவு ஒன்றைச் சேர்த்தார்கள். எண்கள் மாறுவது, பெயர்கள் மாறுவது, உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் கேடு வரும்படி பொருள் மாறுவது, உடன்பாடு எதிர்மறையாவது, மூலத்தில் இல்லாத வசை நுழைவது ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. அதைப் படித்தபோது அப்பாவின் மில் நினைவுக்கு வந்தது. மெலிந்த இடத்தைத் தனியாக எண்ணும் பழக்கம் மொழிக்கும் வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023-ல் வெளியிட்ட வேலையும் எனக்கு முக்கியம். தமிழ், மலையாளம், இந்தி, மராத்தி, குஜராத்தி ஆகிய ஐந்து மொழிகளில், ஏழு மொழிபெயர்ப்பு இயந்திரங்கள் தந்த வாக்கியங்களை இரு மொழியும் அறிந்தவர்களிடம் கொடுத்து, பிழை எங்கே, என்ன வகை, எவ்வளவு கடுமை என்று குறிக்கவைத்தார்கள். இப்படி 7000 குறிப்புகள். பிறகு தானியங்கி அளவுகோல்கள் மனிதரோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்தார்கள். 2020-ல் வந்த ‘காமெட்’ போன்ற, பழக்கப்பட்ட நரம்பியல் அளவுகோல்கள் பழைய சொல் எண்ணிக்கை முறைகளைவிட நன்றாக ஒத்துப்போயின. ஆனால் இந்திய மொழிகளின் நடைப் பிழைகளை எந்த அளவுகோலும் சரியாகப் பிடிக்கவில்லை என்றும் அவர்கள் சொன்னார்கள். நம் மொழிகளுக்கென்று தனி அளவுகோல் வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

அது ஏன் வேண்டும் என்பதை நான் நாள்தோறும் பார்க்கிறேன். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். தமிழில் அதை ‘நீ’ ஆக்குவதா ‘நீங்கள்’ ஆக்குவதா என்று இயந்திரம் ஒவ்வொரு வாக்கியத்திலும் முடிவு செய்ய வேண்டும். முதல் வரியில் ‘நீங்கள்’ என்று மரியாதையாகத் தொடங்கி மூன்றாம் வரியில் ‘மாத்திரையைச் சாப்பிடு’ என்று அதட்டும் குறிப்புகளைப் பார்த்திருக்கிறேன். பொருள் மாறவில்லை, ஆனால் எழுபது வயதுப் பெரியம்மா அந்தத் தாளை ஓரமாக வைத்துவிடுவார். பலர் ஒரு சோதனை செய்வார்கள்: வந்த தமிழை மறுபடி ஆங்கிலமாக்கி, மூலத்தோடு ஒத்துவருகிறதா என்று பார்ப்பார்கள். இந்தக் குறையை அந்தச் சோதனை ஒருநாளும் காட்டாது. ‘சாப்பிடு’, ‘சாப்பிடுங்கள்’ இரண்டும் ஆங்கிலத்துக்குத் திரும்பிப் போகும்போது ஒன்றாகிவிடும். சொல்லுக்குச் சொல் பெயர்த்த கரடுமுரடான தமிழும் அப்பழுக்கில்லாத ஆங்கிலமாகத் திரும்பி வரும். போன வழியிலேயே திரும்பி வந்தால் வழியில் இருக்கும் பள்ளம் தெரியாது.

எந்த அளவுகோலும் எட்டாத உயரம் ஒன்றும் உண்டு. அதற்கு எங்கள் ஊரிலேயே சான்று இருக்கிறது. கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் இயற்றிய ஆமுக்தமால்யதா பெரியாழ்வாரையும் ஆண்டாளையும் பற்றியது, ஸ்ரீவில்லிபுத்தூரின் கதை. அதைத் தமிழில் தந்தவர் இராஜபாளையத்து மு. கு. ஜகந்நாத ராஜா. சாகித்ய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு தொடங்கிய 1989-ஆம் ஆண்டிலேயே தமிழுக்கான பரிசு அந்த நூலுக்குக் கிடைத்தது. பிராகிருதத்திலிருந்து காதா சப்தசதியையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவர். வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழுமாகப் பல குடும்பங்கள் வாழும் ஊர் இது. இங்கே ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டுவது குழந்தைகளுக்கே கைவந்த பழக்கம். அந்தப் பழக்கத்தை ஒருவர் வாழ்நாள் உழைப்பாக்கினால் எங்கே போய் நிற்கலாம் என்பதற்கு அவர் சாட்சி. ஒரு காவியத்துக்கு நூறு நல்ல மொழிபெயர்ப்புகள் இருக்க முடியும். அவற்றில் ஒன்றை அளவாக வைத்து மற்றவற்றுக்கு மதிப்பெண் போட முடியாது. கவிதையை என் கோட்டில் வைக்கச் சொன்னால் நான் வைக்க மாட்டேன். மருந்துத் தாளும் நீதிமன்ற உத்தரவும் வேறு. அவற்றுக்கு அளவு வேண்டும், கடுமையான அளவு வேண்டும்.

அதற்காக நான் கடைப்பிடிக்கும் முறையை இங்கே எழுதிவைக்கிறேன். இயந்திரத் தமிழைத் தினமும் நம்பவேண்டியிருக்கும் யாருக்கும் உதவும்.

முதலில் தமிழைப் பார்ப்பதில்லை. வலப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு மூலத்தை மட்டும் படிக்கிறேன். இதில் எது தொலைந்தால் ஒருவருக்குக் கேடு வரும் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்கிறேன். யார், யாருக்கு, எவ்வளவு, எப்போதிலிருந்து, எதுவரை, எந்த நிபந்தனையில், எது கூடாது. தமிழை முதலில் பார்த்துவிட்டால் அதன் சரளம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு மூலத்தைப் படித்தால், தமிழில் உள்ளதையே மூலத்திலும் பார்ப்போம்.

அடுத்து, மூலத்தை மூடிவிட்டுத் தமிழை வாய்விட்டுப் படிக்கிறேன். இதைக் கையில் வாங்கப் போகிறவராக என்னை வைத்துக்கொண்டு, இப்போது நான் என்ன செய்வேன் என்று கேட்டுக்கொள்கிறேன். அண்ணாச்சியின் தாளில் அந்த வரி இந்தப் படியில்தான் என்னிடம் சிக்கியது. கிழிந்த உறையிலிருந்து துணியை எடுப்பேன் என்று என் வாயே சொன்னது. கடைசியாகத்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்து, குறித்த தாளில் ஒவ்வொன்றாக அடித்து, மதிப்பெண் போடுகிறேன். தாளில் குறித்த ஒன்று தமிழில் இல்லையென்றால், மீதி எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வாக்கியத்துக்கு 30-க்கு மேல் கிடையாது. கண் சோர்ந்தால் கை தானாக 80 பக்கம் சாயும். அப்போது எழுந்துவிடுகிறேன்.

பெரிய ஆவணம் என்றால் முதல் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. நடுவிலும் கடைசியிலும் பார்க்கிறேன். எண்ணும் நிபந்தனையும் எதிர்மறையும் வரும் வாக்கியங்கள் அத்தனையையும் தேடி எடுத்துப் பார்க்கிறேன். ஆங்கிலம் அறவே தெரியாதவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: உடம்பு, பணம், நிலம், நாள் இந்த நான்கில் எதைத் தொட்டாலும் இயந்திரம் சொன்னதோடு நிற்காதீர்கள், தெரிந்த ஒருவரிடம் அந்த ஒரு வரியையாவது காட்டிக் கேளுங்கள்.

தானாக மதிப்பெண் கணிக்கும் இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லட்சக்கணக்கான வாக்கியங்களை மனிதர் ஒவ்வொன்றாகப் படிக்க முடியாது. எதை முதலில் மனிதர் பார்க்க வேண்டும் என்று அது வரிசைப்படுத்தித் தந்தால் பெரும் உதவி. மில்லிலும் இப்போது, நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் இயந்திரத்தில், கிளியரர் என்ற கருவி ஓடும் நூலைப் பார்த்துக் குறையுள்ள இடத்தைத் தானே வெட்டிவிடுகிறது. ஆனால் எவ்வளவு மெலிந்தால் வெட்ட வேண்டும் என்ற அளவை வைப்பவர் ஆள்தான். அளவை இறுக்கினால் வெட்டிக்கொண்டே இருக்கும், உற்பத்தி படுத்துவிடும். தளர்த்தினால் குறை தறிக்குப் போய்விடும். பேண்டேஜுக்குப் போகும் நூலா, சேலைக்குப் போகும் நூலா என்று தெரிந்தவர்தான் அந்த அளவை வைக்க முடியும். மொழிபெயர்ப்பிலும் எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் மனிதர் பார்த்தே ஆக வேண்டும் என்பதை, அது யார் கைக்குப் போகிறது என்று தெரிந்தவர் முடிவு செய்ய வேண்டும்.

என் மதிப்பெண்கள் இயந்திரத்தைப் பழக்குகின்றன. பழகப் பழக எனக்கு வேலை குறையும். இது தெரிந்தும் ஏன் செய்கிறாய் என்று என் தோழிகள் கேட்கிறார்கள். இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடாத இரவுகள் உண்டு. கூலி வேண்டும் என்பது முதல் பதில். அதை மறைக்க மாட்டேன். அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. நான் போடாவிட்டாலும் யாரோ போடப் போகிறார்கள். தமிழில் எது தவறு, எது ஆபத்து என்பதைத் தமிழில் வாழ்கிறவர்கள் சொல்லாமல் போனால், தமிழ் வாழாத ஓரிடத்தில் அந்த அளவு தீர்மானமாகும். அண்ணாச்சியின் தாளையும் பெரியவரின் உத்தரவையும் பார்த்த கண்ணோடு ஒருவர் அந்தக் கோட்டைத் தொட வேண்டும் என்று நினைக்கிறேன். பயம் இன்னும் போகவில்லை. ஆனால் பயத்தைவிடப் பெரிய பொறுப்பு ஒன்று கையில் இருக்கிறது.

மருந்து, சட்டம், அரசுத் திட்டம், வங்கிக் கடன் என்று மக்கள் நம்பிச் செயல்படும் எதையும் இயந்திரம் தமிழாக்கினால், அதை ஒரு மனிதர் பார்த்தாரா இல்லையா என்பதை அந்தத் தாளிலேயே அச்சிட வேண்டும் என்பது என் கோரிக்கை. பார்த்திருந்தால் பார்த்தவர் பொறுப்பேற்கட்டும். பார்க்கவில்லையென்றால் வாசகர் அதைத் தெரிந்துகொண்டு படிக்கட்டும். இதற்குப் பெரிய செலவில்லை.

இந்த வேலைக்கு வர நினைக்கும் தங்கைகள் “இங்கிலீஷ் எவ்வளவு தெரியணும்க்கா?” என்று கேட்கிறார்கள். ஆங்கிலமும் வேண்டும், தமிழும் வேண்டும். அதோடு பேக்கிங்கில் நிற்கிறவரையும், மருந்துக் கடையில் வரிசையில் நிற்கிறவரையும், நீதிமன்றப் படியில் உட்கார்ந்திருக்கிறவரையும் தெரிந்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் இந்த வரியை நம்பி என்ன செய்வார் என்று சொல்லத் தெரிந்தவர் எவரும் இந்த வேலைக்குத் தகுதியானவர். மதிப்பெண் அதற்குப் பிறகு தானாக வரும்.